இருபதாவது கதிரை

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பூகம்பத்தில் விழுந்த லிஸ்பனைக் கட்டியெழுப்பிய பொம்பால் என்ற மந்திரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ‘ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தைந்தாம் ஆண்டு, போர்த்துக்கல் இராச்சியத்தின்—’

(வேண்டாம். வாக்கியம் இப்போதே கொட்டாவி விடுகிறது.)

போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொல் ஒன்று உண்டு: கதிரை. எங்கள் ஆட்களுக்கு அது இருக்கையும்தான், பதவியும்தான். அந்தச் சொல் கதையை இத்தாலியின் பலேர்மோவுக்கு இழுத்துவந்துவிட்டது.

2.
2014. அல்பெர்கேரியா வட்டாரச் சந்தொன்றில் தமிழ் மன்றம். இருபது கதிரைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பிரமுகரின் பெயர். செயலாளர் பேரின்பநாயகம், நகரின் பொலிதேயாமா பகுதியில் அலுவலகம் துடைப்பவர். செயலாளர் கதிரையில் மட்டும்தான் அவர் நிமிர்ந்து இருப்பார். யாரோ குப்பையில் எறிந்த பொம்பால் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துவந்து வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் கூரைச் சுண்ணாம்பு பெயர்ந்து தலைவர் கோபாலசிங்கத்தின் மடியில் விழுந்தது.

“தம்பி, நான் இனிக் கூரைக்குக் கீழை வரமாட்டன்.”

தலைவர் தம் கதிரையைச் சந்தில் போட்டு அமர்ந்தார். உள்ளே பத்தொன்பது.

(அடிக்குறிப்பு: லிஸ்பன் அரசரும் கல் கூரையை நம்பாமல் கூடாரத்தில்தான் வாழ்ந்தார். நான் கற்பனையில் கட்டியது கோபாலசிங்கத்தை மட்டும்.)

3.
புத்தகத்து அரசரைத் தலைவரில் கண்டு பேரின்பநாயகத்துக்குப் புல்லரித்தது. மந்திரி தெருக்களை நேராக்கினார், இவர் கதிரைகளை. மந்திரி பிரபுக்களை ஒடுக்கினார், இவர் கதிரை முதுகுப் பெயர்களைச் சுரண்டி எடுத்தார். மந்திரி நாடுகடத்திய யேசுசபையாருக்குப் பதிலாக இங்கே நன்றியுரைக்காரர் இருவர் வெளியேற்றப்பட்டனர். தலைவர் சந்தில் இருந்தபடியே எல்லாவற்றிலும் கையொப்பமிட்டார். ஒருமுறை கத்தரிக்காய் சுற்றிய தாளிலும்.

இவர் நல்லவரா? எனக்கே சந்தேகம். ஆனால் நாலு மணிநேர ஆண்டுவிழா நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பிள்ளைகள் முதல்முறையாக விழித்திருந்து—

4.
மழைக்காலம் வந்ததும் கோபாலசிங்கம் பதவி விலகினார். அவர் மனைவி விமலராணி தலைவியானார். சுரண்டப்பட்ட பெயர்களில் அவருடையதும் ஒன்று. பெருமைக்காகப் பேரின்பநாயகமே புத்தகத்தை அவருக்கு இரவல் கொடுத்திருந்தார், கடைசி அத்தியாயத்தைத் தான் வாசிக்குமுன். விமலராணி அங்கேதான் தொடங்கினார்.

“பேரின்பண்ணை, ராசா செத்தாப்பிறகு வந்த புது ராணி மந்திரியை இருபது மைல் தள்ளி நிக்கச் சொன்னாவாம். எங்களுக்கு மைல் வேண்டாம். உங்களுக்கு இருபதாவது கதிரை போதும்.”

பேரின்பநாயகம் உள்ளே இருந்த கதிரைகளை எண்ணினார். இன்னொருமுறையும் எண்ணினார். பத்தொன்பதுதான்.

5.
முடிவு ஒன்று: மன்னிப்புக் கேட்டுப் பெயர்களைத் திரும்ப ஒட்டுகிறார். (அவர் மறுக்கிறார்.)

முடிவு இரண்டு: கூரை மொத்தமாக— (மலிவு.)

இப்போது உள்ளே செயலாளர் கதிரையில் கோபாலசிங்கம், கூரைக்குப் பயந்து குடையை விரித்தபடி. வெளியே மழை. பேரின்பநாயகம் சந்துக் கதிரையைக் கைக்குட்டையால் துடைக்கிறார். மழை நனைக்கிறது. துடைக்கிறார்.

அமர்வாரா என்பதை நீங்களே எழுதுங்கள். கதிரை என்ற சொல்லை மட்டும் நாற்காலி என்று திருத்திவிடாதீர்கள். அவரிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.