குழிக்கு டிக்கெட் கிடையாது

"அப்பா மேடையில. எனக்கும் இவருக்கும் ரெண்டு சீட்டு, சித்தப்பாவுக்கும் சித்திக்கும் ரெண்டு. நாலும் முன்வரிசை. கணக்கு சரியாப் போச்சு," என்றாள் மகள், கைப்பேசியைச் சாப்பாட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தபடி.

"எனக்கு?" என்றேன்.

"உனக்கு எதுக்கும்மா டிக்கெட்? உனக்குத்தான் உன் இடமே இருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புதான். அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்ட சிரிப்பாக இருந்தால் பதிலுக்கு ஒன்று கொடுத்துவிட்டு எழுந்து போயிருப்பேன். பிரியமாகச் சிரிக்கிறவர்களை என்ன செய்வது?

என் இடம் என்று அவள் சொன்னது ஒரு குழியை. பழைய நாடக அரங்கில், மேடையின் முன்விளிம்பில் நட்டநடுவே ஒரு சதுர ஓட்டை இருந்தது. அதன்மேல் பாதி முட்டை ஓட்டைக் கவிழ்த்தாற்போல ஒரு மரக்கூடு. நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் கூட்டின் முதுகு மட்டும் தெரியும். உள்ளே, மேடைக்கடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தலையை நடிகர்களின் பாத மட்டத்தில் வைத்துக்கொண்டு, மறக்கிற வசனத்தை எடுத்துக்கொடுத்தவள் நான். கல்யாணமான புதிதில் ஒரு நாள், வழக்கமாக உட்காருகிறவருக்குக் காய்ச்சல் என்று என்னை இறங்கச் சொன்னார்கள். அவருக்குக் காய்ச்சல் விட்டது, நான் ஏறவில்லை. மின்கசிவில் அரங்கு எரிந்து போகும்வரை அதற்குள்தான் இருந்தேன்.

மேலே என் கணவர் ராஜா. பால்காரர்கூட அவரை ராஜா என்றுதான் கூப்பிடுவார். ராணிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மந்திரிகள் செத்தும் போனார்கள். ராஜா மட்டும் மாறவில்லை.

இப்போது அதே இடத்தில் அரங்கைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து, திரையின் மடிப்பு முதல் நாற்காலிக் கைப்பிடியின் வளைவு வரைக்கும் அப்படியே. குழியையும் விடவில்லை. திறப்பு விழாவில் ராஜா வந்து பழைய ராஜா நாடகத்தின் கடைசிக் காட்சி வசனத்தைப் பேச வேண்டுமாம். ஒரு பக்கம்தான்.

அந்த ஒரு பக்கம் அவருக்குத் தெரியாது. வயதாகி மறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அவருக்கு எப்போதுமே தெரியாது. மற்ற நடிகர்கள் மனப்பாடம் செய்வார்கள், தடுக்கினால் குழியைப் பார்ப்பார்கள். இவர் மனப்பாடம் என்ற வேலையையே வைத்துக்கொள்ளவில்லை. நான் முதல் வார்த்தையை விடுவேன், பிடித்துக்கொள்வார். அதைப் பேசி முடிப்பதற்குள் நான் அடுத்ததில் இருப்பேன். அரை மூச்சு முன்னால் நான், அரை மூச்சு பின்னால் அவர். பத்திரிகைகளில் அவருடைய மௌனங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். வார்த்தைகளுக்கு நடுவே ஒரு சாம்ராஜ்யம் சரிகிறது என்றார் ஒருவர். அது நான் எச்சில் விழுங்கிய நேரம்.

இதற்காக நான் கோபப்பட்டதில்லை. அது தொழில். கதை எதுவும் எனக்குக் காதில் வசனமாகத்தான் விழும். அதைச் சரியான நேரத்தில் கைமாற்றிவிடுவதில் எனக்கும் ஒரு ருசி இருந்தது. ஆனால் ஒரு நாடகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. மேடையில் இவர் மகனை இழந்து அழும்போது ஊரே அழுதது. எனக்குத் தெரிந்தது இரண்டு மூக்குத் துவாரமும் மோவாயில் வழிந்த அரிதாரமும். "மாமா அழறப்ப கண்ணுல வெளிச்சம் விழும் பாருங்க, அக்கா, எனக்கு அப்படியே உசிரு போயிடும்," என்று என் ஓரகத்தி சொல்லுவாள். என் புருஷனுடைய கண்ணில் விழுந்த வெளிச்சத்தை அவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் குழிக்குள்ள இறங்கமாட்டேன்," என்றேன். "எனக்கும் ஒரு நாற்காலி வேணும்."

சிரிப்பு நிற்க ஒரு கணம் ஆயிற்று.

"முட்டி வலியாம்மா?" என்றாள் மகள். "இவரு விசாரிச்சுட்டாரு. இறங்கறதுக்கு நல்ல படி வச்சிருக்காங்களாம். மெத்தை போடச் சொல்லலாம்."

"மெத்தை போட்டா குழி கட்டில் ஆயிடுமாடி?"

"அண்ணி," என்றார் கொழுந்தன், ஊருக்கெல்லாம் சமாதானம் பேசுகிறவர், "நீங்க இல்லாட்டி அண்ணன் வாயைத் திறந்தா காத்துதான் வரும்."

"அது எனக்குத் தெரியும் தம்பி. உங்கண்ணனுக்குத் தெரியுமான்னு கேளுங்க."

ராஜா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. மாப்பிள்ளை புது வழி கண்டுபிடித்தார். "காதுல சின்னதா ஒண்ணு மாட்டிவிட்டுடலாம், அத்தை. யாருக்கும் தெரியாது. நீங்க வீட்ல சாஞ்சு உட்கார்ந்துகிட்டே சொல்லலாம்."

"அதாவது, குழியும் இல்ல, அரங்கும் இல்ல. வீட்லயே கிடன்னு சொல்றீங்க."

அவர் தண்ணீர்க் குவளையைத் தேடினார்.

"இத்தனை வருஷம் செஞ்சதை ஒரு நாளைக்குச் செய்ய உனக்கு வலிக்குதா?" இப்போது ராஜா பேசினார். குரல் மட்டும் இன்னும் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல்.

"இத்தனை வருஷம் செஞ்சதாலதான்."

"ஜனங்க என்னை மட்டும் கூப்பிட்டுட்டாங்கன்னு பொறாமை உனக்கு."

"ஆமா," என்றேன். "பொறாமைதான்."

இல்லை என்று நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார். அதற்குமேல் பேச அவரிடம் வார்த்தை இல்லை. நானும் எடுத்துக்கொடுக்கவில்லை.

சமையலறைக்குள் என் பின்னாலேயே வந்தாள் மகள். "அப்பா மானம் போயிடும்மா. அத்தனை பேர் முன்னாடி நின்னு முழிச்சா எப்படியிருக்கும், யோசிச்சுப் பாரு."

"ஒரு பக்கம்டி. விழாவுக்கு இன்னும் நாள் கிடக்கு. படிக்கச் சொல்லு."

"இந்த வயசுல அவரு படிப்பாரா?"

"இந்த வயசுல நான் குழியில இறங்கலாமா?"

"உன் பிடிவாதத்துக்கு நாங்கதான் கிடைச்சோமா! சரி, என் சீட்டை எடுத்துக்க. நான் பின்னாடி நின்னுக்கறேன்."

பாத்திரத்தை ஓங்கி வைத்தேன். விட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் காலமெல்லாம் பின்னால் நின்றதாகத்தான் பேச்சு வரும். எனக்கு என் நாற்காலி வேண்டும்.

மறுநாள் நானே அரங்கத்துக்குப் போன் செய்தேன். டிக்கெட் கொடுக்கிற பெண்ணுக்கு நல்ல குரல், ஆனால் வாக்கியத்தின் கடைசியை விழுங்குகிறாள்.

"யாரோட விருந்தினரும்மா நீங்க?"

"யாரோட விருந்தினரும் இல்ல. நாடகம் பார்க்க வர்றவ."

"அன்னைக்கு எல்லாமே போயிடுச்சும்மா. ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஆனா தூண் மறைக்கும்."

"தூணையுமா திரும்பக் கட்டினீங்க?"

"பழசு எப்படியோ அப்படியேன்னு சொல்லிட்டாங்கம்மா," என்றாள் சங்கடத்தோடு. "அந்த இடத்துல உட்கார்ந்தவங்க அந்தக் காலத்துலயும் திட்டியிருப்பாங்க."

"கழுத்தைச் சாய்ச்சா மூஞ்சி தெரியுமா?"

"அது... தெரியும்மா. நான் உட்கார்ந்து பார்த்தேன்."

"அப்ப குடு."

பெயர் கேட்டாள். சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். சொல்லும்போது எனக்கே அது வேறு யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது. போனை வைத்த பிறகுதான் ஆத்திரம் வந்தது. ஒரு தூணுக்குப் பின்னால் உட்காருவதற்கு இவ்வளவு சண்டை போட வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம்.

வீட்டில் ராஜா என்னோடு பேசுவதை நிறுத்தினார். மகள் இருக்கும்போது அவள் வழியாகப் பேசினார்: "உங்கம்மாகிட்ட சொல்லு, காபி ஆறிடுச்சுன்னு." அவள் இல்லாதபோது சுவரிடம் சொன்னார். வசனத்தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போவார், வருவார். படித்தாரா என்று நான் கேட்கவில்லை. கொழுந்தன் மட்டும் ஒருநாள் போனில் கிசுகிசுத்தார்: "அண்ணி, அண்ணன் எனக்குப் போன் பண்ணி ஒப்பிச்சாரு. ரெண்டு வரி வந்துச்சு. அதுக்கப்புறம் லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன். கட்டாகல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி விழா நாள் கண்முன் வந்தது. அன்றைக்கு நான் தூணோரம் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருக்க, இந்த மனுஷன் அத்தனை பேர் முன்னால் குழியைப் பார்ப்பார். குழி காலியாக இருக்கும். அந்தக் கோலத்தைப் பார்க்கவா நாற்காலி வாங்கினேன்?

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம். மகள் எல்லோருடைய துணிகளுக்கும் இஸ்திரி போடக் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தாள். ராஜா கூடத்தின் நடுவே வந்து நின்றார். பழைய வேட்டி, பித்தான் மாற்றிப் போட்ட சட்டை. ஆனால் நின்ற நிலையில் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"ஒரு தடவை பார்த்துடலாம்," என்றார். சுவரிடம் இல்லை, என்னிடம். கண்ணாலேயே தன் காலடியில் தரையைக் காட்டினார். அங்கே உட்கார் என்று பொருள்.

மேஜையடியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்தேன். கூடத்தின் அந்தக் கோடிக்கு, சுவரை ஒட்டிக் கொண்டுபோய்ப் போட்டு, அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"சொல்லுங்க," என்றேன். "பார்க்கறேன்."

கோபம் அவர் கழுத்துவரைக்கும் ஏறியதைப் பார்த்தேன். இறங்கியதையும் பார்த்தேன். மெல்ல வலது கையைத் தூக்கினார்.

"மகனே, வாளை எடுத்துக்கொள். கிரீடத்தை எடுத்துக்கொள். குதிரைகள் உன் குரலுக்குப் பழகிவிட்டன..."

நின்றது. அவர் கண் கீழே போயிற்று, காலடித் தரைக்கு. அங்கே யாருமில்லை. அடுத்த வரி என் நாக்கின் நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"சொல்லேன்டி," என்றார், கடைசி வரிசைக்குக் கேட்காத குரலில்.

நான் சொல்லவில்லை. தரையில் கிடந்த அவர் பார்வை மெதுவாக மேலேறி, கூடத்தைத் தாண்டி, நான் உட்கார்ந்திருந்த இடம்வரைக்கும் வந்து சேர்ந்தது. நடிக்கிற அவர் முகத்தை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தேன். தூக்கிய கையை அவர் இறக்கவில்லை.