கால்மாட்டில் ஆறு மாலைகள்

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் கிடத்தியதுமே வீரலட்சுமி ஆறாவது மாலையையும் புருசனின் காலில் போட்டாள். கழுத்தில் ஒன்று கூட இல்லை. கால்மாட்டில் மட்டும் போடிமெட்டு மலை உயரத்துக்குப் பூ.

"யக்கா, ஒனக்கென்ன கோட்டி பிடிச்சிருச்சா?" தங்கபாண்டி மூன்று மாலைகளை அள்ளிக் கழுத்துக்கு மாற்றினான். அவளுடைய தம்பி. ஊரில் எந்தச் சாவு என்றாலும் செத்தவருக்கு முந்தியே போய் உட்கார்ந்திருக்கிற ஆள். சொந்த அத்தான் சாவென்றால் கேட்கவா வேண்டும்?

"வச்சது வச்ச எடத்துல கெடக்கட்டும்டா." மறுபடி காலுக்குத் தள்ளினாள்.

அவன் அத்தானின் வேட்டியை மேலே இழுத்தான். அவள் கீழே இழுத்தாள். செத்தவருக்கு மட்டும் உயிர் இருந்திருந்தால் எழுந்து டீக்கடைக்குப் போயிருப்பார்.

எல்லாம் மகன் யோகராஜால் வந்த வினை. அப்பனுக்கு அஞ்சலி போர்டு வைத்திருந்தான். மதுரை ரயிலில் வருகிறவர்கள் தேனியிலேயே படித்துவிடலாம், அத்தனை பெரிசு. அதில், 'கரிசல்குளம் மலைச்சாமி' என்று கொட்டை எழுத்து.

"ஊர்ப்பேர எவன்டா போடச் சொன்னது?"

"அப்பா ஊருதானம்மா? ஆதார்லயே இருக்கு."

போர்டின் படம் செல்போன் செல்போனாகத் தாவி, விளாத்திகுளம் தாண்டி, விடிவதற்குள் கரிசல்குளம் போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் போன் வந்தது. "நான் குருவம்மா. மலைச்சாமிக்குத் தங்கச்சி. எங்கண்ணனுக்குக் கோடி கொண்டாறேன். நான் வராமத் தூக்கிறாதீக."

"அப்பா அநாதையில்லம்மா!" என்று யோகராஜ் அழுதான், சந்தோசத்தில்.

அநாதையாகவே இருந்திருக்கலாம். பெஞ்சில் கிடந்தவர் மலைச்சாமியே இல்லை. வேலுச்சாமி. கல்யாணமான மூன்றாம் மாதம், ஏலக்காய் சலித்துக்கொண்டே அவரே சொன்னார். சொந்த ஊரில் வரப்புத் தகராறில் ஒருவன் கையை வெட்டிவிட்டு, போலீசுக்குப் பயந்து மலையேறியவர். குரங்கணிக்கு மேலே, எஸ்டேட் கூலியாட்களின் லயத்து வரிசை வீட்டில், அவருடன் ஒரே அறையில் இருந்தவன்தான் மலைச்சாமி. ஒரு மழையில் மண் சரிந்து அவன் செத்துப்போனான். கங்காணி வந்து யார் என்று கேட்டபோது, "செத்தது வேலுச்சாமி" என்றார் இவர். அவ்வளவுதான். கேசும் செத்தது. அந்தப் பேரிலேயே கல்யாணம், வீடு, யோகராஜின் இனிசியல் எல்லாம் வந்தன.

"அவனுக்கு எடது கால்ல பெருவெரல் கெடயாது. சின்னதுல மம்பட்டி பட்டுப்போச்சு" என்றும் சொல்லியிருந்தார். இத்தனை வருசம் கழித்து அவள் தலையை உருட்டுவதற்கென்றே சொன்ன மாதிரி! பெஞ்சில் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிய இரண்டு பெருவிரல்களும் காவல்காரன் மாதிரி நிமிர்ந்து நின்றன. பிணத்துக்குக் கால் கட்ட வேண்டும் என்று முதலில் சொன்னவன் மட்டும் அகப்பட்டால் அவனை உரித்திருப்பாள். விசயம் வெளியே வந்தால் பிணம் சுடுகாட்டுக்குப் போகாது, போலீசுக்குப் போகும். யோகராஜ் எவன் மகன் என்று ஊரே கேட்கும்.

உச்சி வெயிலில் குருவம்மாள் வந்து இறங்கினாள். ஒல்லி உடம்பு, கையில் மஞ்சள் பை. கூட்டம் ஒப்பாரியை எதிர்பார்த்தது. அவளோ வைதாள்.

"நாப்பத்தொரு வருசம். ஒரு கடுதாசி உண்டா? ஆத்தா வாசலயே பாத்துக்கிட்டுச் செத்தா. நல்லாருந்தீகளாண்ணே?"

கோடி வேட்டியைப் பிரித்து நெஞ்சில் போர்த்தினாள். குனிந்து முகத்தைப் பார்த்தாள். "மொகமே மாறிப்போச்சே."

"வயசாச்சுல்ல தாயி" என்றாள் வீரலட்சுமி, கால்மாட்டை மறைத்து நின்றபடி.

"தள்ளு மதினி. காலத் தொட்டுக் கும்பிட்டுக்கிறேன்."

"பூவத் தொட்டுக் கும்பிட்டாப் போதாதா?"

"அதெப்பிடிப் போதும்?" என்று குறுக்கே பாய்ந்தான் தங்கபாண்டி. பாவி, ஆறு மாலைகளையும் ஒரே அணைப்பில் தூக்கிக்கொண்டான்.

நீட்டிய குருவம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. மெல்ல இறங்கி இடது பெருவிரலைத் தொட்டது. நகத்தைத் தடவியது. அழுத்திப் பார்த்தது.

அவள் நிமிர்ந்து வீரலட்சுமியைப் பார்த்தாள். காலையிலிருந்து வீரலட்சுமி தயார் செய்து வைத்திருந்த பொய்கள், மதுரை ஆஸ்பத்திரியில் விரல் ஒட்டவைத்தது உட்பட, ஒன்றுகூட இனி விலைபோகாது.

"எங்கண்ணன் எங்க?" வீரலட்சுமி காதுக்கு மட்டும் கேட்கிற குரல்.

"குரங்கணிக்கு மேல. பழைய லயத்துக்கிட்ட, ஊத்தோரமா ஒரு பலா நிக்கிது. அதுக்கடியில."

"எப்ப?"

"மலைக்கு வந்த வருசமே. மண்ணு சரிஞ்சு. அந்தப் பேர இவுக எடுத்துக்கிட்டாக."

"அப்ப எங்காத்தா செத்தவனுக்கா வாசலப் பாத்துக் கெடந்தா?"

குருவம்மாள் எழுந்தாள். போர்த்திய வேட்டியை உருவி மடிக்க ஆரம்பித்தாள். கூட்டம் பதறியது.

"போட்ட கோடிய எடுக்கக் கூடாதுத்தா! ஆகாது!" தங்கபாண்டி மாலைகளோடு குதித்தான்.

"இது எங்கண்ணனுக்குக் கொண்டாந்தது" என்றாள், எல்லாருக்கும் கேட்க.

வீரலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாப்பத்தொரு வருசக் கோவம், பின்ன இருக்காதா?" என்று யாரோ யாருக்கோ விளக்கினார்கள்.

யோகராஜ் ஓடிவந்து காலில் விழுந்தான். "அத்தை, அப்பா பண்ணுனது தப்புத்தான். மன்னிச்சிருங்க."

குருவம்மாள் குனிந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரிய்யா. ஒன்னைய என்ன சொல்ல?"

வாசலில் சாவுக்கு ஆள் ஏற்றி வந்த ஜீப்பு ஒன்று நின்றது.

"இது மேல போகுமா?"

"பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம்த்தா" என்றார் டிரைவர்.

"மேல போகுமான்னு கேட்டேன்."

ஏறி உட்கார்ந்தாள். மடித்த வேட்டி மடியில் இருந்தது. வீரலட்சுமி தம்பியின் அணைப்பிலிருந்து ஒரு மாலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஜீப்பு சீட்டில் வைத்தாள். குருவம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. தள்ளிவிடவும் இல்லை.

ஜீப்பு குரங்கணி ரோட்டில் திரும்பியது.

"அஞ்சுதானக்கா இருக்கு" என்றான் தங்கபாண்டி, எண்ணிப் பார்த்துவிட்டு. "எங்க போட?"

"கழுத்துலயே போடு."