இரண்டு ஊர்க் கல்லும் ஒரு ஸ்பிரிங்கும்

தவசிமுத்துவுக்கு இரண்டு ஊரில் கடை. ராஜபாளையத்தில் வாங்குவார், ஸ்ரீவில்லிபுத்தூரில் விற்பார். மில்களின் பழைய இரும்பு ராஜபாளையத்தில் அவருடைய சரக்குக் கிட்டங்கியில் வந்து இறங்கும். அதில் தேறியது மினி லாரி ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்குப் போகும். அந்தச் சாலையில் போல்ட் போயிருக்கிறது, பல்சக்கரம் போயிருக்கிறது, ஒருமுறை அவருடைய மைத்துனரே இரும்போடு இரும்பாகப் படுத்துத் தூங்கிக்கொண்டு போயிருக்கிறார். எடைக்கல் மட்டும் போனதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. வாங்குகிற ஊர்க் கல்லின் அடிவயிற்றில் ஈயம் கூடுதலாக ஊற்றியிருந்தது. மேலே இருபது கிலோ என்று இருக்கும், தூக்கினால் இருபத்திரண்டு. விற்கிற ஊர்க் கல்லில் ஈயத்தைச் சுரண்டியிருந்தது. அதே இருபதுதான், உள்ளபடி பதினெட்டு. முத்திரை போட வருகிறவர்களுக்குக் காட்ட நல்ல கல் இரவல் வாங்கிக்கொள்வார். மற்றபடி யோக்கியர்.

தொண்ணூற்றைந்து புரட்டாசியில் ஒரு மில் தன் பழைய நூற்பு எந்திரங்களை மொத்தமாகக் கழிக்கப்போவதாகப் பேச்சு வந்தது. தவசிமுத்துவுக்குத் தூக்கம் போயிற்று. அந்தச் சரக்கு கைக்கு வந்தால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. போட்டிக் கடைக்காரனுக்குப் போனால் அவன் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பது சின்ன முதலாளி ராஜரத்தினம் கையில் இருந்தது. ராஜரத்தினத்தின் மனசோ ஒரு சைக்கிளில் இருந்தது.

அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த மலைச் சைக்கிள் அது. சீட்டுக்குக் கீழே மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல ஒரு ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றித் தடித்த ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் முறிந்து இரண்டாகிவிட்டது. புதன்கிழமை காலையில் அதைக் கையில் ஏந்திக்கொண்டு ராஜரத்தினம் கிட்டங்கிக்கு வந்தபோது, தவசிமுத்துவுக்குக் கதவு திறந்தது போலிருந்தது.

"சனிக்கிழமை நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைக்குச் சைக்கிள்லயே வாரேன்னு பெருமாளுக்கு வேண்டியிருக்கேன் அண்ணாச்சி. அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டு எப்ப வர?"

"பெருமாளுக்குக் கருடன், மொதலாளிக்கு ஸ்பிரிங்கு! எங்கிட்ட இல்லாத ஸ்பிரிங்கா?"

ஸ்பிரிங் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். உயரமும் உள்வட்டமும் பொருந்தியவை மூன்றே மூன்று. மூன்றிலும் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. எது மெத்து, எது முரடு என்று கையால் அமுக்கிப் பார்த்தார் தவசிமுத்து. மூன்றும் அவரைச் சட்டை செய்யவில்லை.

"முறிஞ்சதுல நானூறுன்னு போட்டிருக்கு பாருங்க," என்றார் ராஜரத்தினம். "ஒரு இஞ்சு அமுக்க நானூறு பவுண்டு வேணும்னு அர்த்தம். நம்ம கணக்குல, எம்பது கிலோ வச்சா பதினோரு மில்லிமீட்டர் இறங்கணும்."

"அம்புட்டுதானா?"

ஸ்பிரிங்கை ஒரு கம்பியில் கோத்து நிறுத்தி, மேலே துளை போட்ட பலகை வைத்து, பலகையில் நான்கு இருபது கிலோ கல்லை அடுக்கினார்கள். ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் முதலாவது எட்டு இறங்கியது. இரண்டாவது பதினொன்று. மூன்றாவது பன்னிரண்டு.

"ரெண்டாவதுதான்!" என்று தவசிமுத்து குதித்தார். அது தப்பான கல் என்று அவருக்கு அந்த நிமிஷம் தோன்றவே இல்லை. இருபது, இருபது என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரும் நம்பிப்போயிருந்தார். "காசு பேச்சே வேண்டாம் மொதலாளி. மிச்ச ரெண்டையும் பையில போட்டுக்கோங்க, ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆகும்."

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் தவசிமுத்துவும் அவர் மனைவி பரிபூரணமும் வியாபாரத்தில் இருந்தபோது, ராஜரத்தினம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடை அகலமாக இருந்தது.

"ஸ்பிரிங்கா அண்ணாச்சி இது? உலக்கை. வழி நெடுக கோவிந்தா கோவிந்தான்னு கத்திக்கிட்டு வாரேன். பக்தியில இல்ல."

"புதுசு மொதலாளி, பழகணும்."

"பழகுற வரைக்கும் இடுப்பு இருக்கணுமே? இன்னொரு தரம் பாத்துருவோம். நாலு கல்லு எடுங்க."

அப்போதுதான் தவசிமுத்துவுக்குக் கல்லின் நினைப்பு வந்தது. "கல்லா... கல்லு வெளிய போயிருக்குல்லா..."

"இந்தா கெடக்குல்லா! கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று பரிபூரணம் கையொன்றுக்கு ஒரு கல்லாக, பால் தூக்கு கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்து வைத்தாள்.

ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையபடி பலகையில் நாலையும் அடுக்கியபோது ஒன்பதுதான் இறங்கியது.

ராஜரத்தினம் ஸ்கேலைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு தவசிமுத்துவைப் பார்த்தார். "புதன்கிழமை பதினொண்ணு. இன்னைக்கு ஒம்பது. உழைச்ச ஸ்பிரிங்கு தளரும். இது எப்படி அண்ணாச்சி இறுகுது?"

"ஊர் மாறுச்சுல்லா. இம்புட்டுப் பெரிய கோபுரம் இருக்கிற ஊரு. எதுவும் இங்க வந்தா கொஞ்சம் அடங்கித்தான் நிக்கும்."

"ஸ்பிரிங்குக்குப் பக்தி கெடையாது. கல்லுக்குத்தான் ஊருக்கொரு மனசு இருக்கும் போல."

தவசிமுத்து மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். எந்திரச் சரக்கு போட்டிக் கடைக்காரன் வாசலில் இறங்குவது கண்ணில் தெரிந்தது. ராஜரத்தினம் நிதானமாகப் பக்கத்துக் கடையிலிருந்து பால்கோவா வரவழைத்துத் தின்று முடித்தார்.

"எந்திரம் உங்களுக்குத்தான் அண்ணாச்சி."

"மொதலாளி!"

"ஆனா நிறுத்து எடுக்கிறது இந்தக் கல்லுலதான்."

பதினெட்டை இருபது என்று கணக்கு வைத்து டன் டன்னாக வாங்கினால் கடை தாங்குமா? முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். தவசிமுத்துவின் பிறவிக் குணம் கை கொடுத்தது. பேரத்தில் இறங்கினார்.

"இந்தக் கல்லு இந்த ஊருக்கே பழகினது மொதலாளி. அங்க வந்தா ஏங்கிப்போகும். அந்தக் கல்லுலயே வைப்போம்."

"அது என் ஸ்பிரிங்கையே ஏமாத்தின கல்லு."

"சரி, மூணு அந்தக் கல்லு, ஒரு இந்தக் கல்லு."

"மூணு இது. ஒண்ணு அது."

"உங்க பேச்சும் வேண்டாம், எம்பேச்சும் வேண்டாம். அதுல ரெண்டு, இதுல ரெண்டு!"

ராஜரத்தினம் கண்ணை மூடி மனசுக்குள் ஏதோ கூட்டினார். சிரிப்பை அடக்கியதில் மீசை ஆடியது. "சரி. இப்பவே அங்க இருந்து ரெண்டு கல்லு வரட்டும். மொதல்ல ஸ்பிரிங்கு, பொறவு எந்திரம்."

மினி லாரி போய் வந்தது. இரண்டு ஊர்க் கல்லும் முதன்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. உலக்கை ஸ்பிரிங் பத்து இறங்கியது. ராஜரத்தினம் பையிலிருந்து, புதன்கிழமை பன்னிரண்டு இறங்கி வேண்டாமென்று ஒதுக்கிய மூன்றாவதை எடுத்து வைத்தார்.

சரியாகப் பதினொன்று.

அதை மாட்டிக்கொண்டு ராஜரத்தினம் கோயில் பக்கம் மெத்து மெத்தென்று போவதைத் தவசிமுத்து பார்த்துக்கொண்டு நின்றார். அடித்துப் பிடித்துப் பேரம் பேசி, கடைசியில் தான் போய் நின்ற இடம் உள்ளபடியே எண்பது கிலோ, நியாயமான எடை என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வாழ்நாளில் இப்படி ஏமாந்ததில்லை.

"இனிமே எல்லாருக்கும் இப்படிக் கலந்தேதான் நிறுப்பியளா?" என்றாள் பரிபூரணம்.

"ஏட்டி, வாய மூடு," என்றார் தவசிமுத்து. "மில்லுக்கு மட்டுந்தான்."