இதுவரை யாரிடமும் சொல்லாத கதை

தோடு மாட்டுவதற்காக மாமியார் இடது காதைப் பிடித்து இழுத்தபோது மருமகள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காதுக்கு இனித் தோடு ஒன்றுதான் மிச்சம். சத்தம் அதை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"முடியைக் கொஞ்சம் முன்னால விட்டுக்கோ. தழும்பு தெரியுது."

மாமியார் இடது பக்கம் நின்றுதான் பேசினாள். எப்போதும் அப்படித்தான். வலது பக்கம் வந்து பேசினால் இடது காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒப்புக்கொண்டால், யாரால் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் அடுத்த அறையில் தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது. மருமகள் கண்ணாடியில் தெரியும் உதட்டசைவைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிவிட்டாள்.

"சரி அத்தை."

"விழாவுல நீதான் முதல்ல பேசுற. மேடத்தாலதான் எங்க குடும்பம் ஒண்ணா இருக்குன்னு சொல்லு. அது போதும். சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காதே."

"சேர்க்க மாட்டேன் அத்தை. மேடம் எனக்குச் சொன்னதை மட்டும் அப்படியே சொல்றேன்."

மாமியாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மாதர் சங்கத்துச் செயலாளர் அவள். மேடத்துக்கான பாராட்டு விழாவே அவள் யோசனை.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் அடி விழுந்தால் அடித்தவனை யாரும் எங்கேயும் அனுப்ப மாட்டார்கள். அடி வாங்கினவளை ஆலோசனைக்கு அனுப்புவார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டால் சாக்கடையை விட்டுவிட்டு மூக்குக்கு மருந்து போடுகிற மாதிரி. அப்படி அனுப்பும் குடும்பங்கள் எல்லாம் நம்பித் தேடிப் போகும் இடம், மேடத்தின் அறைதான். வாசலில் ஒரு பலகை: 'இங்கு வந்த எந்தக் குடும்பமும் பிரிந்ததில்லை.' உள்ளே இரண்டு மெத்தை நாற்காலிகள், பிளாஸ்டிக் செடி, கண்ணீர் துடைக்கக் காகிதப் பெட்டி. சுவர்க் கடிகாரம் மேடத்துக்கு மட்டும் தெரிகிற மாதிரி வந்தவளின் முதுகுப் பக்கம் மாட்டியிருக்கும்.

ஆலோசனை சொல்கிறவர்கள் தங்கள் சொந்தக் கதையைச் சொல்லலாமா கூடாதா என்பது அந்தத் தொழிலில் இன்னும் தீராத விவாதமாம். மேடம் அதை என்றைக்கோ தீர்த்துக்கொண்டுவிட்டாள். வந்தவளின் கண்ணைப் பார்த்தே எந்த அலமாரியைத் திறப்பது என்று தெரிந்துகொள்வது நல்ல கடைக்காரர்களின் வித்தை. மேடமும் பாதி கேட்டதுமே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். குரலை இறக்குவாள்.

"இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. உனக்காகச் சொல்றேன்."

முதல் அறை விழுந்த வாரம் மருமகள் அங்கே போனாள். பையில் துணிகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனாள். மேடம் கண்ணாடியைக் கழற்றினாள். "என் வீட்டுக்காரரும் கை நீட்டினவர்தாம்மா. மூணு வருஷம். நான் வாயைத் திறக்கல. ஒருநாள் அவரே உட்கார்ந்து அழுதாரு. இன்னிக்கு நான் சொன்னாத்தான் சாப்பிடுவாரு. நீயும் பொறு."

இவ்வளவு படித்த, இவ்வளவு நிமிர்ந்து உட்கார்கிற ஒருத்தி தாங்கினாள் என்றால் நான் தாங்க மாட்டேனா என்று வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துத் துணிகளைப் பீரோவில் வைத்தாள். பொறுத்தாள். பொறுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் காது போயிற்று.

அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை. தொலைபேசியை வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். அந்த மேஜைக்கு எதிரேதான் ஒருநாள் ஒரு பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். முன்பல் பாதியாக உடைந்திருந்தது. பூக்கடை வைத்திருப்பவள்.

"எப்படிங்க உடைஞ்சுது?"

"படியில வழுக்கிட்டேன்."

"நானும் ஒரு தடவை அப்படித்தான் வழுக்கினேன்" என்று மருமகள் முடியை விலக்கிக் காட்டினாள்.

பூக்கடைக்காரி தழும்பைப் பார்த்தாள். பிறகு பல் வலியோடு சிரித்தாள். "ஏன் தங்கச்சி இன்னும் அதே படியில ஏறிக்கிட்டிருக்க?"

"ஒரு மேடம் பொறுக்கச் சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரரும்..."

"கண்ணாடியைக் கழட்டினாளா?"

மருமகள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"'இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.' அதுதானே? எனக்குச் சொன்னது குடிகாரக் கதை. புருஷன் தெருவுல விழுந்து கிடப்பாராம், இவ தோள்ல தூக்கிட்டு வருவாளாம். எங்க தெரு பேக்கரிக்காரிக்கு வேற. அவ புருஷனுக்கு இன்னொரு வீடு இருக்கு. மேடம் புருஷனுக்கும் இன்னொரு வீடு இருந்துதாம்!"

"அந்த அம்மாவுக்கு மொத்தம் எத்தனை புருஷன்?"

"ஒருத்தர்தான். நூலகத்துல இருக்காரே, அவரு. புத்தகத்துக்கு முத்திரை குத்தறப்போகூட தாளுக்கு வலிக்குமோன்னு பார்ப்பாரு. அந்த மனுஷன் ஒரே நேரத்துல குடிச்சு, அடிச்சு, ரெண்டாவது வீட்டுக்கும் போய்வரணும்னா நூலகத்தை யாரு திறக்கிறது?"

மருமகள் சிரிக்கவில்லை. பிரித்து அடுக்கிய துணிகள் ஒவ்வொன்றாக அவள் கண்ணுக்குள் வந்துபோயின.

"போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வருவோமா?" என்றாள் பூக்கடைக்காரி.

"திட்டினா நம்மளைத்தான் பைத்தியம்பாங்க. பாராட்டுவோம் அக்கா. அடுத்த வாரம் விழா இருக்கு. அவங்க சொன்னதை ஒரு எழுத்து கூட்டாம, நன்றியோட சொல்லுவோம்."

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மேடம், பக்கத்தில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நூலகர். மேடையில் கேடயம் பளபளத்தது. பலகையில் இருந்த அதே வாசகம் அதிலும்.

மருமகள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர் என்னை அடிச்சப்போ மேடம்தான் எனக்கு வழி காட்டினாங்க. அவங்க சொந்த வாழ்க்கையையே எனக்காகத் திறந்து காட்டினாங்க. இங்க உட்கார்ந்திருக்காரே இந்த ஐயா, இவரு மேடத்தை மூணு வருஷம் அடிச்சாராம். மேடம் பொறுத்தாங்க. அதனாலதான் நானும் பொறுத்தேன்."

நூலகர் எந்த ஐயா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்வரிசைக்காரர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கைதட்டலாமா வேண்டாமா என்று கூட்டம் யோசிப்பதற்குள் பூக்கடைக்காரி வந்துவிட்டாள். "ஐயா அப்போ எல்லாம் குடிச்சிட்டுத் தெருவுல கிடப்பாராம். இப்ப பார்க்க எவ்வளவு லட்சணமா இருக்காரு! எல்லாம் மேடத்தோட பொறுமைங்க." அவளுக்குப் பின்னால் பேக்கரிக்காரி. அவள் சுருக்கமாக முடித்தாள்: "அந்த இன்னொரு வீட்டு அம்மா இப்ப எங்க இருக்காங்க ஐயா? சௌக்கியமா?"

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. நூலகர் எழுந்து மேடைக்குப் போய் மைக்கை வாங்கிவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கிசுகிசுத்தே பேசிய மனுஷன். ஒலிபெருக்கி அவர் குரலைக் கேட்டுத் தானே பயந்து கத்தியது.

"பொய்! நான் குடிச்சதில்ல. எனக்கு ஒரே வீடு. என் கை ஒருநாளும் இவ மேல பட்டதில்ல." மூச்சு வாங்கினார். "கை நீட்டினவன் இவளோட முதல் புருஷன். அதுவும் ஒரே ஒரு தடவை. அன்னிக்கே பெட்டியை எடுத்துக்கிட்டு வெளியே வந்துட்டா. அந்தத் துணிச்சல் பிடிச்சுப்போய்த்தான் நான் இவளைக் கட்டிக்கிட்டேன்!"

பெருமையாகத்தான் சொன்னார் பாவம். சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மருமகள் மேடையில் இருந்து இறங்கி மேடத்துக்கு எதிரே வந்து நின்றாள். நூலகர் இப்படி வாயைத் திறப்பார் என்று அவளும் நினைக்கவில்லை. பொய் சொன்னவளை அம்பலத்தில் நிறுத்தத்தான் வந்தாள். பொய்க்கு அடியில் இப்படி ஒரு நிஜம் இருந்திருக்கிறது.

"ஒரு அறைதானா மேடம்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றப் போனாள். கழற்றவில்லை. "ஒண்ணுதான்."

"எந்தக் கன்னம்?"

"இடது."

"எனக்கும் இடதுதான். முதல் அறை வாங்கின வாரம் பையோட உங்ககிட்ட வந்தேன். இந்த நிஜக் கதையைச் சொல்லியிருந்தா அப்படியே போயிருப்பேன். காதோட போயிருப்பேன்."

மேடம் நிமிர்ந்தாள். அவள் பார்வை மருமகளைத் தாண்டி மாமியார்மேல் போய் நின்றது.

"உன்னை அனுப்பறதுக்கு முன்னால உங்க அத்தை என்னை வந்து பார்த்தாங்க. என்ன படிச்சிருக்கேன்னு கேட்கல. 'உங்களுக்கு இது முதல் கல்யாணம்தானே?'ன்னு கேட்டாங்க. வர்ற குடும்பம் எல்லாமே அதைத்தான் கேட்கும். விட்டுட்டு வந்தவ இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கான்னு தெரிஞ்சா ஒரு வீடு தன் மருமகளை அனுப்புமா?"

"அனுப்பாதுதான்" என்றாள் மருமகள். "அதுக்காக, உங்க கடை நடக்க என் காதுதான் கிடைச்சுதா?"



மருமகள் இடது காதின் தோட்டைக் கழற்றினாள். மாமியாரின் கையைப் பிரித்து அதில் வைத்தாள். "இது உங்களுடையது அத்தை. என் பை காலையிலேயே ஆஸ்பத்திரி மேஜைக்கு அடியில போயிடுச்சு." மூன்றாவது வரிசையில் இஸ்திரி கலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்த புருஷனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. மேடையைக் காட்டினாள். "கேடயத்தைக் கொடுத்துடுங்க மேடத்துக்கு. வாசகத்தை மட்டும் திருத்திக் கொடுங்க."

பூக்கடைக்காரி கைதட்டினாள். பின்வரிசையில் எங்கேயோ இன்னும் இரண்டு கைகள் சேர்ந்துகொண்டன.

வாசல் வரைக்கும் மாமியார் பின்னாலேயே ஓடிவந்தாள். வழக்கம்போல இடது பக்கமாகவே வந்து சேர்ந்தாள். முதலில் மிரட்டினாள், பிறகு கெஞ்சினாள், கடைசியில் மானம், குடும்பம், ஊர் என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். உதட்டசைவைக் காட்ட அங்கே கண்ணாடி எதுவும் இல்லை. மருமகள் முகத்தைத் திருப்பவும் இல்லை. அந்தக் காதின் கதவை அடைத்தவன் அவள் மகன். அம்மா தட்டினால் மட்டும் திறந்துவிடுமா?