தலைவரின் நூற்றுப் பன்னிரண்டு கிலோ

புருசெத் தொடர்மாடிகளின் வாகனத் தரிப்பிடத்தில், மாதா திருநாளன்று காலை எட்டு மணிக்கு, சங்கத் தலைவர் சூசைரட்ணம் ஒரு குளியலறைத் தராசை இரும்புக் கைபிடியால் அடித்து நொறுக்கினார். இரண்டாவது அடி செயலாளர் கிளெமென்றின் வாயில் விழுந்தது. முதலாவது கோபம், இரண்டாவது, அவர் பின்னர் விளக்கியபடி, நிர்வாகம்.

தராசைக் கொண்டுவந்தவன் லூர்து. பாண் லொறி ஓட்டிப் பிழைக்கிறவன். ஹாமார் நகரில் நடக்கும் திருநாளுக்குச் சங்கத்தின் நடமாடும் மேடையை இழுத்துப் போக அவனுடைய பிக்கப்பைத்தான் கேட்டிருந்தார்கள். மேடையின் இழுவண்டி, வால் கொழுக்கியில் மாட்டுகிற சின்ன ஹெங்கர் அல்ல. பிக்கப்பின் பெட்டிக்குள்ளேயே, பின்னச்சுக்கு மேல் வந்து உட்காருகிற இராட்சத ஹெங்கர். கூடின பாரத்தோடு பிடிபட்டாலோ, இறக்கத்தில் பிரேக் விட்டாலோ, போவது லூர்துவின் லைசென்ஸ். அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"மூவாயிரத்தைஞ்ஞூறு கிலோ இழுக்குமெண்டு போட்டிருக்கு," என்றார் தலைவர். "ஹெங்கர் மூவாயிரத்து நூறு. மிச்சம் நாநூறு கிடக்கு. நாங்கள் நாலு பேரும் என்ன யானையோ?"

"இழுக்கிறது வேறை, சுமக்கிறது வேறை அண்ணை. ஹெங்கரின்ரை பாரத்திலை அஞ்சிலொண்டு பிக்கப்பின்ரை முதுகிலை ஏறும். அது அறுநூற்றிருபது. என்னைக் கழிச்சால் பிக்கப் சுமக்கிறது எண்ணூற்றம்பது. மிச்சம் இருநூற்று முப்பதுக்குள்ளைதான் ஆக்கள்."

நிர்வாகிகள் நால்வரும் மேடை வண்டியில்தான் போய் இறங்க வேண்டும் என்பது சங்கத்தின் எழுதாத சட்டம். பஸ்ஸில் வந்திறங்குகிறவனுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

மகளிர் பிரதிநிதி புஷ்பமலர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினாள். "எழுபத்தொண்டு. எழுது தம்பி." கிளெமென்ற் எழுபத்தெட்டு. பொருளாளர் றஜீவ் எண்பத்தொன்று. லூர்து மனதுக்குள் கூட்டினான். சரியாக இருநூற்று முப்பது. இனி ஒரு பூமாலைக்கும் இடமில்லை.

"என்ரை நிறை எழுபத்தைஞ்சு," என்றார் தலைவர், தராசின் பக்கம் திரும்பாமலே.

"அது நீங்கள் அகதியா வந்திறங்கேக்கை," என்றான் கிளெமென்ற்.

"தலைவரை நிறுக்கிறதுக்கு இதென்ன மீன் சந்தையோ? ஏறமாட்டன்!"

கிளெமென்றும் றஜீவும் ஆளுக்கொரு கக்கத்தில் பிடித்துத் தூக்கி வைத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு.

"தலைவரை விட்டிட்டுப் போனால் கணக்குச் சரி," என்று கிளெமென்ற் சிரித்தான்.

அப்போதுதான் தலைவர், ஹெங்கரின் முன்பக்க முட்டுக்காலைச் சுழற்றி உயர்த்தும் அந்தக் கைபிடியை உருவினார்.

தராசு நொறுங்கியது. கிளெமென்றின் இரண்டு பற்கள் தாரில் விழுந்தன. றஜீவ் தலையால் மோதித் தலைவரின் மூக்கை உடைத்தான். தலைவர் அவன் காதைப் பிடித்துப் பிக்கப்பின் கதவில் மூன்று முறை மோதினார், தீர்மானம் நிறைவேற்றி மேசை தட்டுவதுபோல. விலக்க வந்த புஷ்பமலரின் மணிக்கட்டில் கைபிடி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் லூர்துவுக்குக் கேட்டது.

அதுவரை கணக்கோடு நின்றவன் தலைவரின் கழுத்துப்பட்டியைப் பிடித்திழுத்து, பிக்கப்பின் பக்கவாட்டால் வளைத்து, ஹெங்கர் வந்து உட்காரவேண்டிய தட்டில் முகத்தை அமுக்கினான். கறுத்தக் கிறீசுக்குள் தலைவர் குமிழிவிட்டார்.

"பாரம் ஏறினால் இப்பிடித்தான் இருக்கும்! விளங்குதோ? விளங்குதோ?"

பதில் சொல்ல அவருக்கு வாய் இல்லை என்பது லூர்துவுக்கு உறைக்கவில்லை. உதைத்துக்கொண்டிருந்த கால்கள் ஓய்ந்தபோதுதான் பயம் பிடித்தது. கையை விட்டான். தலைவர் சரிந்து விழுந்து, இருமி, கிறீசைத் துப்பினார்.

லூர்து கதவைத் திறந்தான். "எல்லாரும் ஏறுங்கோ. லெகவாக்டுக்குப் போவம். அங்கை டொக்டர் நிப்பார்."

"அப்ப ஹெங்கர்?" என்றார் தலைவர் மூக்கைப் பொத்தியபடி.

"அது இஞ்சையே நிக்கட்டும். நான் பிக்கப்பிலை பூட்டமாட்டன். அது இல்லாட்டி நாலு பேரும் தாராளமா ஏறலாம்."

தலைவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கோட்டை நீவிவிட்டு முன்கதவை நோக்கி நடந்தார்.

முறியாத கையால் புஷ்பமலர் அவரை ஒதுக்கித் தள்ளினாள். "பின்னுக்குப் போங்கோ அண்ணை. முன்னச்சு தாங்காது."