ஒலிவமரத்துக்குப் போன குழாய்

1985 ஜனவரிக் குளிரில் பிரான்சின் தெற்கே ஒலிவமரங்கள் தோப்புத் தோப்பாகப் பட்டுப்போயின. வடக்கே, தலைநகரின் லா சப்பல் பகுதியில் ஒரு பின்முற்றத்து ஒலிவமரம் மட்டும் சாக மறுத்தது. அந்த முற்றத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் சொந்தக்காரர் இஞ்ஞாசி. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்கத்தில் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்றவர். வாரம் ஒரு கரண்டி லூர்து தீர்த்தம் ஊற்றினேன், அதனால்தான் பிழைத்தது என்று கோயிலில் சொல்லி வைத்திருந்தார். கோயிலும் நம்பியது. குருத்தோலை ஞாயிறுக்கு, ஓலைக்குப் பதிலாக, அந்த மரத்தின் கிளைகளையே மந்திரிப்பதென்று பங்குத் தந்தை பிலிப் முடிவு செய்தார்.

உண்மையான காரணம் மடுத்தீன். மன்னாரிலிருந்து வந்து, இஞ்ஞாசியின் கீழ்த்தளத்தில் வாடகைக்குச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். குளிருக்கு முன்பே முற்றத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டது. திருத்தித் தரச் சொன்னதற்கு, "சாக்கடையைக் கண்ணால பாத்திருப்பியா உன் ஊர்ல?" என்றார் இஞ்ஞாசி. மடுத்தீன் ஒரு பீப்பாயில் கூழாங்கல், மணல், கரி அடுக்கி, பாத்திரம் கழுவிய சுடுதண்ணீரை அதில் வடித்து, குழாய் வழியே மரத்தடிக்கு விட்டார். குழாயைச் சருகால் மூடினார். வேர் வெதுவெதுப்பாகக் குளிரைத் தாண்டியது.

கடையின் வாடகை ஒப்பந்தம் மார்ச்சோடு முடியவிருந்தது. மீன் வாடை மாடிவரை வருகிறதென்று இஞ்ஞாசி புதுப்பிக்க மறுத்துவிட்டார். மடுத்தீனுக்கு வேறு கடையுமில்லை, வேறு தொழிலுமில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், மரத்தைக் காட்டத் தந்தை பிலிப்பை அழைத்துவந்த இஞ்ஞாசி, குழாயில் தடுக்கினார். சத்தம் கேட்டு மடுத்தீன் வெளியே வந்தார். தந்தைக்குத் தமிழ் தெரியாது. ஆகவே இஞ்ஞாசி கோயில் சிரிப்பைக் கலைக்காமலே சண்டையைத் தொடங்கினார்.

"என்னய்யா இது?"

"சட்டி கழுவின தண்ணி. வடிச்சுத்தான் விடுறன்."

"மீன் சட்டியா?"

"தவக்காலம் ஐயா, இறைச்சி இல்லை. வேறை என்ன சட்டி?"

"மந்திரிக்கப் போற மரத்துக்கு எச்சித் தண்ணியா! இன்னைக்கே மூட்டையக் கட்டு. சிரிச்சிக்கிட்டே கட்டு, சாமி பாக்கறார்."

மடுத்தீனும் சிரித்தார். "அப்ப சாமிக்கு நான் விளங்கப்படுத்தட்டே?"

"உனக்கு எங்க பிரெஞ்சு வரும்?"

"பத்துச் சொல்லு வரும். தண்ணி, மீன், சட்டி, மரம் எல்லாம் அதுக்குள்ளை கிடக்கு."

இஞ்ஞாசியின் முகத்தில் சிரிப்பு மட்டும் மிஞ்சியது.

"என்ன வேணும் உனக்கு?"

மடுத்தீன் ஏப்ரனுக்குள்ளிருந்து, கையெழுத்தாகாமல் கிடந்த புது ஒப்பந்தத்தை எடுத்தார். "ஒம்பது வருசம்."

"மூணு."

மடுத்தீன் தந்தையிடம் திரும்பி, "மொன் பேர்..." என்றார். 'என் தந்தையே' என்பதற்கே பத்தில் இரண்டு சொல் செலவானது.

இஞ்ஞாசி பேனாவைத் திறந்தார். பீப்பாய் மூடியில் வைத்துக் கையெழுத்திட்டார். என்ன பத்திரம் என்று தந்தை பிரெஞ்சில் விசாரித்தார். தானதர்மம் என்றார் இஞ்ஞாசி. தந்தை கண் கலங்கி, இருவருக்கும் சேர்த்து ஒரே ஆசீர்வாதமாகக் கொடுத்தார்.

"ஒம்பது வருஷம் முடிஞ்ச மறுநாள் காலைல நீ தெருவுல," என்றார் இஞ்ஞாசி, கைகூப்பியபடி.

"ஓம். இப்ப உங்கடை காலை எடுங்கோ. குழாயை மிதிச்சுக்கொண்டு நிக்கிறியள், மரத்துக்குத் தண்ணி போகேல்லை."