குறுக்கே கிடந்த கிளை

கண்ணி பார்க்கக் காட்டுக்குள் போன மகன் மெம்போங் திரும்பவில்லை. இன்றோடு ஐந்து நாள். அஜாபா வாசலில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, காட்டில் குடியிருக்கும் பாக்கா ஆள் லிகானோ வந்து நின்றான். அவன் பின்னால் பெண்டாட்டி மொசோலோ.

“பெரியவரே, நாங்க தேடிப் போறோம். ஆள் கெடச்சா பெரிய மரத்தோட பலகை வேர்ல அடிக்கிறேன், காடெல்லாம் கேக்கும். உயிரோட இருந்தா விடாம அடிப்பேன். இல்லன்னா ஒரே அடிதான். நீங்க வீட்லயே இருங்க.”

“சும்மா போவியா நீ? என்ன வேணும், உப்பா, சாராயமா?”

“ஒண்ணும் வேணாம். எங்க புள்ளைங்களோட ஓடி வெளையாடுனவன் அவன்.”

“அவன் கண்ணியில விழுந்ததை நீங்க தூக்கியிருப்பீங்க. அவன் பார்த்திருப்பான். மிச்சம் எனக்குத் தெரியாதா? என் வாழைத்தாரைத் தூக்குன கைதானே அது!”

மொசோலோ பக்கென்று சிரித்தாள். “அதைத் தூக்குனது யானை, கிழவா. உன் தோட்டத்துல அது கால் வச்ச இடம் இன்னும் குட்டையாக் கெடக்கு. போய் அதுகிட்ட சண்டை போடு.”

“போங்க வெளிய!”

அவர்கள் போய்விட்டார்கள். மருமகள் அசூங் அடுப்படியிலிருந்து வந்தாள். “அவங்கள விட்டா காடு யாருக்கு மாமா தெரியும்?”

“அதுதான் எனக்குப் பயம். நான் தோட்டத்துக்குப் போறேன்.”

தோட்டத்துக்கு என்றுதான் சொன்னார். மகனைத் தேடிக் காட்டுக்குப் போவதைச் சொன்னால் அது லிகானோ காதுக்குப் போகும் என்று நினைத்தார். மருமகளையும் அவர் நம்பியதில்லை.

இரண்டாவது ஓடையைத் தாண்டி அவர் தனியாகப் போனதே இல்லை. அறுபத்தெட்டு வயசு வரைக்கும் முன்னால் ஒரு பாக்கா ஆள் நடந்தால்தான் பின்னால் இவர் நடப்பார். ஊரில் எல்லோரும் அப்படித்தான். இன்று முன்னால் யாரும் இல்லை. ஓடையைத் தாண்டினார்.

உச்சி சாய்ந்த நேரம் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பாதையில் குறுக்கே ஒரு கிளை கிடந்தது. அப்போதுதான் வெட்டியது, இலை வாடவில்லை, நுனி வலப்பக்கம் பார்த்திருந்தது. இது அவருக்குத் தெரிந்த சங்கதி. தோட்டத்துப் பாதையில் அவரே எத்தனையோ தடவை இப்படிக் கிளை போட்டிருக்கிறார். இது என்னுடையது, உள்ளே வராதே என்று அர்த்தம்.

“பார்த்தியா, ஒளிச்சு வச்சிருக்கானுங்க” என்று சொல்லிக்கொண்டு கிளையைத் தாண்டினார்.

பாதை ஒரு சதுப்பில் போய் முடிந்தது. கரையில் வெறுங்கால் தடங்கள், பெரிசு ஒன்று, சிறிசு ஒன்று. வந்திருந்தன, அப்படியே திரும்பியிருந்தன. மகனைச் சேற்றுக்குள் அமுக்கியிருப்பார்கள் என்று இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் இறங்கிக் கம்பால் குத்திக் குத்திப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது. கரையேறியபோது அது வேறு கரை. பாதை இல்லை. மரத்துக்கு மரம் வெட்டு போட்டுக்கொண்டே நடந்தார். வெகுநேரம் கழித்து எதிரே ஒரு வெட்டு, பால் வடிந்துகொண்டிருந்தது. அவர் போட்டதுதான்.

அப்போது தொலைவில் ‘தும்’ என்று ஒரு அடி.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொன்று வரட்டும், இன்னொன்று வரட்டும் என்று வாய் முணுமுணுத்தது. வந்தது. பிறகு தும், தும், தும் என்று விடாமல் வந்துகொண்டே இருந்தது.

மெம்போங் உயிரோடு இருக்கிறான். கிழவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். எழுந்து சத்தம் வந்த பக்கம் நடந்தார். பத்தடி போனதும் அது பின்னாலிருந்து கேட்டது. திரும்பினால் பக்கத்திலிருந்து கேட்டது.

அந்தக் கிளை அப்போதுதான் விளங்கியது. காளான் காலத்தில் ஒரு தடவை மொசோலோ பாதையில் கிளை போட்டபோது, மரத்துல எழுதிப் படிக்கிறாளா என்று கேலி செய்திருந்தார். “இங்க பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல, அந்தப் பக்கம் வான்னு பின்னால வர்றவங்களுக்குச் சொல்றேன்” என்றிருந்தாள். காதில் வாங்கவில்லை.

இங்கே பார்த்தாயிற்று. இனி யாரும் இந்தப் பக்கம் வரப்போவதில்லை. அவரைக் காணோம் என்று தேடினாலும் தோட்டத்தில்தான் தேடுவார்கள்.

பெரிய மரமாகப் பார்த்து, அதன் பலகை வேரில் கத்தியைத் தட்டையாகப் பிடித்து அடித்தார். நாலைந்து அடி விழுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அத்தனை இலையும் சேர்ந்து இரைந்ததில் அடித்த அடி அவருக்கே கேட்கவில்லை. கண் முன்னால் அவர் கால் தடம் நிரம்பிக் கரைந்தது. கை ஓயும்வரை அடித்துவிட்டுக் காது கொடுத்தார்.

அந்தப் பக்கமும் சத்தம் நின்றிருந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். நேரே அவர் வீட்டுக்குத்தான் போவார்கள், அவரிடம் சொல்ல.